கனகபாய் செத்த படம்

உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது என்று திரையில் எழுத்து விழுந்ததும் விசிலடித்தார்கள். நடிகையின் பெயருக்கு இத்தனை விசில் இல்லை, படத்தின் பெயருக்கும் இல்லை, அந்த ஒரு வரிக்குத்தான். அதன் கீழே மேல்கரை, 1974 என்று வந்தது, மறுபடியும் விசில். ஊரும் வருஷமும் போட்டுவிட்டால் பாதிக் கேள்வி அடங்கிவிடும், எனக்குத் தெரியும், நானும் போட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் படித்தது, பிறகு ஐம்பது வருஷம் துண்டுப் பிரசுரம் எழுதியே இந்தத் தாலுகாவை ஆட்டி வைத்தவன். படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், ஓசியில் விளம்பரம் செய்ய எனக்கு மனசில்லை. மார்த்தாண்டத்தில் இரண்டாவது வாரம், திங்கட்கிழமை காலைக் காட்சிக்கே முக்கால் கொட்டகை நிறைந்துவிட்டது என்பது போதும். கூலி உயர்வு பற்றிப் பேச நான் மைக் பிடித்தால் பதினோரு பேர் வருவார்கள், அதில் மூன்று பேர் போலீஸ். இங்கே வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி அட்டை வைத்திருக்கிறார்கள். திரைக்கு முன்னால் குத்துவிளக்கு, வேப்பிலைக் கட்டு, சாமி வந்து ஆடுகிற பெண்களின் முகத்தில் தெளிக்க ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். நான் கழற்றவில்லை. கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டேன், திருடனைப் போல. பக்கத்து இருக்கைக்காரி, வேனில் கூட்டமாக வந்திருக்கும் மஞ்சள் புடவைக்காரிகளில் ஒருத்தி, குனிந்து பார்த்துவிட்டு, ஓய், செருப்பெக் களத்தும், அம்மை வாற நேரமாக்கும் என்றாள். காலில் புண் என்றேன். அவள் நம்பிவிட்டாள், ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டவும் செய்தாள். சின்னப் பொய். வாயில் எவ்வளவு லேசாக வருகிறது.

பயம் செருப்புக்காக அல்ல. இந்தப் படத்தில் செத்து இசக்கியம்மனாகப்போகிற பெண்ணை எனக்குத் தெரியும். பெயர் கனகபாய். மேல்கரை அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டையைக் கட்டையால் தல்லி உடைக்கிற வேலை அவளுக்கு. அவள் சாகவில்லை. இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், ஒருத்தி அவள், இன்னொருவன் நான். அவள் இன்றைக்கு இருக்கிறாளா என்பது எனக்கே தெரியாது. அவள் செத்ததாக ஊருக்குச் சொன்னவன் நான், அரைத்தாள் காகிதத்தில், ஐப்பசி மாதம், இரண்டாயிரம் பிரதி. போன வாரம் சங்கத்துச் செயலாளர் ஜெபகுமார் கூப்பிட்டு, தோழரே, யூடியூப்காரனுவ வந்தானுவ, கனகபாய்க்க சொந்தக்காரங்களெத் தேடுதானுவ, உங்க நம்பரும் வாங்கிட்டுப் போயிருக்கானுவ என்றான். சந்தோஷமாகச் சொன்னான், இயக்கத்துக்கு நல்லதாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தேடுகிறவன் எங்காவது போய் அவளையே கண்டுபிடித்து நிறுத்திவிட்டால்? எழுபத்தெட்டு வயதில் பொய்யன் என்று பெயர் வாங்கவேண்டும். சிறை பார்த்தேன், பல் போனது, சொத்து சேர்க்கவில்லை, என்னிடம் இருப்பது இந்த ஒரு பெயர்தான், தங்கையன் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற பெயர். அது போய்விடும். இல்லை, அவளுக்காகத்தான் பயப்படுகிறேன், மறைந்து வாழ்கிறவளை இழுத்து வந்து கேமரா முன்னால் நிறுத்துவார்கள். இல்லை, எனக்காகத்தான். ஐம்பது வருஷமாக இந்த இடத்தில் வந்து சுற்றிச் சுற்றி நிற்கிறேன், அவளுக்காகவா எனக்காகவா, முள்ளில் மாட்டிய துணி மாதிரி, இழுத்தால் கிழிகிறது. சரி, படம் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று வந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்கிறது. கேரளத்து நம்பர், தெரியாத நம்பர். அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. யூடியூப்காரன்தான். இருக்கட்டும்.

முதல் நிம்மதி, அந்த நடிகைக்குக் கனகபாயின் சாயல் ஒரு துளிகூட இல்லை. சிவப்பாக, உயரமாக, பல் வரிசையாக இருக்கிறாள். கனகம் குட்டை, மேல்வரிசையில் ஒரு பல் முன்னே நிற்கும், சிரிக்கும்போது அந்தப் பல்தான் முதலில் சிரிக்கும். நடிகை உள்ளங்கையைக் காட்டி ஆடுகிறாள், கை வெள்ளைவெளேரென்று இருக்கிறது. அண்டி ஆபீசில் கொட்டை தல்லுகிறவள் கை அப்படியா இருக்கும்? முந்திரித் தோட்டில் இருக்கிற எண்ணெய் நெருப்பு மாதிரி, பட்ட இடம் கறுத்துத் தோலுரியும், சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள், அப்படியும் விரல் நுனியெல்லாம் தார் பூசியதுபோல் இருக்கும், கல்யாண வீட்டில் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு சாப்பிடப் போவார்கள். கக்கூஸ் கிடையாது. வறுக்கிற புகை நெஞ்சில் ஏறி இருமியே பாதிப் பேர் போனார்கள். அந்தச் சாவுகளுக்கு எவனும் படம் எடுக்கவில்லை. நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் இந்தப் படத்தில் ஒரு பாட்டுக்குள் வந்து போகிறது, கொடி சிவப்பாகக்கூட இல்லை, மஞ்சளாக இருக்கிறது. முதலாளிக்கு அவள்மேல் ஆசை, அவள் மறுத்தாள், அதனால் கொலை. அவ்வளவுதான் கதை. கூலி என்கிற சொல்லே வரவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், வரவில்லை. கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே ஒரு குளிர்ச்சி, என்னையும் காணோம். சங்கத் தலைவன் என்று ஒருவனும் வரவில்லை. என்னை விட்டுவிட்டார்களே என்று சுருக்கென்றது, என்னை விட்டுவிட்டார்களே என்று மூச்சும் வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில். பக்கத்து இருக்கைக்காரி தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், மத்தப் பேய்ப் படமெல்லாம் சும்மா கெட்டி உண்டாக்குததாக்கும், இது நடந்ததாக்கும், அதுனாலதான் பயம் வருது. நடந்தது என்று சொன்னால்தான் பயம் ருசிக்கிறது இவர்களுக்கு. குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. நாற்பத்தொரு நாளில் எத்தனை பிரசுரம் எழுதினேன், கிலோவுக்கு எவ்வளவு கூலி, பேறுகாலத்துக்கு எத்தனை நாள் விடுப்பு, கொல்லத்தில் என்ன தருகிறான் இங்கே என்ன தருகிறான், எல்லாம் உண்மை, எல்லாம் கச்சிதம். வாங்கினவன் அதில் கடலை மடித்தான். ஒரு கடை அடைக்கவில்லை, ஒரு பஸ் நிற்கவில்லை. ஒரு சாவை எழுதினேன், தாலுகாவே நின்றது. இந்தப் பசியை இந்த சினிமாக்காரர்களுக்கு முன்னால் அறிந்தவன் நான். பரிமாறியவனும்தான்.

அன்று மழை. பாலத்துப் பக்கம் ஊர்வலம் போனபோது போலீஸ் தடி எடுத்தது, பெண்கள் சிதறி ஆற்றங்கரை வழியாக ஓடினார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தால் ஒருத்தி குறைகிறாள். கரையில் கனகபாயின் சோற்றுத் தூக்குவாளியும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன, ஆறு செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது. அழுதோம், நானும் அழுதேன், அந்த அழுகை பொய்யில்லை. மின்சாரம் ஏழு மணிக்குப் போய்விடும், அதற்குள் அச்சுக் கோத்தால்தான் விடியும்போது பிரசுரம் கையில் இருக்கும். எங்கள் வேலை அப்படித்தான், முதலில் அச்சு, பிறகு விசாரணை. அச்சாபீஸ் ஞானாபரணம் எழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பொணம் கிடைச்சாச்சா தங்கையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் சொன்னேன், "விடிஞ்சா கிடைக்கும், நீரு கோத்துப் போடும்." அவர் கோத்தார். தோழர் கனகபாய் படுகொலை. முதலாளியின் கூலிப்படை அடித்து ஆற்றில் வீசியது. இது கதையல்ல, மேல்கரை மண்ணில் நேற்று நடந்த உண்மை. கடைசி வரி என்னுடையது, பெருமையாக இருந்தது. கூலிப்படை என்று எழுதினேனே ஒழிய ஒருவன் பெயரையும் எழுதவில்லை, எவனும் தூக்கில் தொங்கிவிடவில்லை. அதைத்தான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், யாரும் கேட்காத நேரத்திலும்.

ஆறாவது நாள், களியக்காவிளைச் சந்தைக்குக் கிழங்கு கொண்டுபோகிற ஒருத்தி, பாறசாலை பஸ் நிறுத்தத்துல ஒரு பொம்பள உம்மெக் கூப்பிடுதா, பேரு சொல்லல்ல என்று சொல்லிவிட்டுப் போனாள். போனேன். ஆலமரத்தடியில் மலையாளத்துக்காரி மாதிரி முண்டும் மேல்துண்டும் உடுத்து அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரித்தாள், அந்தப் பல் முதலில். புருஷன் அவளைக் கொட்டை வறுக்கிற இரும்புக் கரண்டியால் சுடுவான், முதுகுத் தழும்புவரை சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும், நாங்கள் அதைக் குடும்ப விஷயம் என்று தள்ளி வைத்திருந்தோம், முதலாளியை ஒழித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. தடியடியில் எல்லோரும் ஓடியபோது அவளும் ஓடினாள், நிற்காமல் ஓடிவிட்டாள், அவ்வளவுதான் நடந்தது. தூக்குவாளி கனமாக இருந்ததாம், போட்டுவிட்டாளாம். மடியிலிருந்து என் பிரசுரத்தை எடுத்து விரித்தாள், பஸ்ஸில் யாரோ கொடுத்தார்களாம். "என்னெக் கொன்னு போட்டீரு தோழரே, நல்ல காரியம். இனி எழுப்பாண்டாம். செத்தவளெ எவன் தேடுவான்?" நான் என்ன சொன்னேன்? சரி என்றேன். உடனே சொன்னேன். யோசித்துவிட்டுச் சொன்னதாகப் பின்னால் எத்தனையோ தடவை மாற்றி நினைத்துப் பார்த்தேன், யோசிக்கவில்லை. ஊரில் அன்று கடையடைப்பு, முதலாளி பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பியிருந்தான், அவள் உயிரோடு மேல்கரையில் இறங்கினால் எல்லாம் கெட்டது. அவள் கேட்டதால் சரி என்றேனா, கேட்காமல் இருந்திருந்தால் கெஞ்சியிருப்பேனா? மூன்று நாளில் முதலாளி கையெழுத்துப் போட்டான். கூலி கூடியது, பேறுகால விடுப்பு வந்தது, கக்கூஸ் கட்டினான். நானூறு பெண்கள். அது உண்மை. அதைப் பொய் என்று எவனும் சொல்லமுடியாது. பிறகு ஒரே ஒரு இன்லண்டு லெட்டர், எண்பத்தொன்பதில், புனலூர் முத்திரை, நல்லா இருக்கேன், தோழர்களுக்கு வணக்கம், கீழே பெயர் இல்லை. கிழித்து அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் ஒன்றும் இல்லை, செத்திருப்பாள் என்று ஒரு நாள் நினைப்பேன், அன்று என் பிரசுரம் ஒருவழியாக உண்மையாகிவிட்டது என்றும் நினைப்பேன், நினைத்ததற்காக என்மீதே காறித் துப்பவேண்டும்போல் இருக்கும்.

திரையில் அவளை ஆற்றில் தள்ளிவிட்டார்கள். பிறகு தண்ணீர் கொதித்து, அவள் எழுந்தாள், தலைமுடி விரிய, கண் சிவக்க, குலவை வெடித்தது. நான்கு வரிசை முன்னால் ஒருத்தி எழுந்து ஆட, மஞ்சள் தண்ணீரோடு ஓடினார்கள். பக்கத்து இருக்கைக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பின் என் பக்கம் திரும்பி, மேல்கரை பீடத்துல வருசாவருசம் எனக்க நேர்ச்சை உண்டு, பிள்ளை தந்த அம்மையாக்கும் என்றாள். அந்தப் பீடம் எது தெரியுமா என்று கேட்க வாய்வரை வந்தது. நாங்கள் கட்டிய தியாகி நினைவுத் தூண். செங்கல் சுமந்தவன் நான். மேலே சிவப்பு நட்சத்திரம், கீழே பெயர். அகாலத்தில் செத்த பெண்ணுக்கு ஒரு கல் நட்டால் எங்கள் பக்கத்துப் பெண்கள் சும்மா விடுவார்களா, முதல் வருஷமே மஞ்சள் பூசினார்கள், அடுத்த வருஷம் மரப்பாச்சி, தொட்டில், வளையல், நட்சத்திரத்துக்குப் பொட்டு வைத்து, கண் வரைந்து, இசக்கியாக்கிவிட்டார்கள். ஐப்பசியில் நாங்கள் நினைவுநாள் கொண்டாடுகிறோம், பதினோரு பேர். மாசியில் அவர்கள் கொடை விழா நடத்துகிறார்கள், ஐயாயிரம் பேர். மூடநம்பிக்கை என்று எதிர்த்து மூன்று பிரசுரம் எழுதினேன். எழுதும்போது கை கூசியது, பேயே இல்லை என்பதற்கு என்னைவிடப் பெரிய சாட்சி யார், அந்தச் சாட்சியைச் சொல்லவும் முடியாது. போன வருஷம் இந்தப் படத்து உதவி இயக்குநர் ஒருவன் வந்தான், மரியாதையான பையன், ஐயா உங்க நோட்டீசோட ஒரு பிரதி கிடைக்குமா, உலகத்துக்கே இந்தக் கதை தெரியணும் என்றான். எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒருவன் என் எழுத்தைக் கேட்டு வந்திருக்கிறான். பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். இவை யாவும் உண்மை என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்டான். போட்டேன். பெரிதாக, தேதியோடு போட்டேன். இப்போது என் பிரசுரத்தை அப்படியே அச்சடித்துத் தியேட்டர் தியேட்டராக விளம்பரத்துக்குக் கொடுக்கிறார்கள், வாசலில் எனக்கும் ஒன்று நீட்டினார்கள், என் பெயரை மட்டும் எடுத்துவிட்டு.

இடைவேளை விளக்கு எரிந்தது. போன் மறுபடியும். நாலாவது தடவை. பஜ்ஜி வாங்குகிறவர்கள் நடுவில் நின்றுகொண்டு, தலை போனாலும் போகட்டும் என்று எடுத்தேன். ஒரு பெண் குரல். தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினாள், பாதி மலையாளம். பெயர் லேகா, புனலூர். சங்கத்து நினைவுநாள் நோட்டீசை யாரோ போனில் அனுப்பியிருந்தார்களாம், அந்தப் பிரசுரத்தை எழுதியவன் என்று அடியில் என் பெயரும் நம்பரும் இருந்ததாம். புனலூர் என்றதும் எனக்குக் காதுக்குள் ஒரு இரைச்சல். "சாரே, எங்க அம்மை மேல ஒரு தமிழ் ஸ்திரீயோட ஆவி கேறியிருக்கு" என்றாள். போன புதன்கிழமை குடும்பத்தோடு இந்தப் படம் பார்க்கப் போனார்களாம். திரும்பி வந்ததிலிருந்து அம்மா, நான்தான் கனகபாய், நான் சாகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். அம்மாவின் பெயர் சாரதா, ஆயுசில் மலையாளம் தவிர ஒன்றும் பேசாதவள், இப்போது முழுக்கத் தமிழ், அதிலும் யாருக்கும் புரியாத தமிழ், கெட்ட வார்த்தை எல்லாம் வருகிறதாம். பழைய பெட்டியிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்துக் காட்டி இது சாட்சி என்கிறாளாம், அது தியேட்டரில் சும்மா கொடுக்கிற காகிதம்தானே சாரே. ஐந்து நாள் விபூதி போட்டுப் பார்த்தோம், அடங்கவில்லை. பிரம்படித்து ஆவி இறக்குகிற ஒருவர் இருக்கிறார், மூன்று மணிக்கு வண்டி வருகிறது, அம்மாவைக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும், எழுபத்து மூன்று வயது, தாங்குவாளோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் கூப்பிட்டேன், அந்த ஸ்திரீயின் கதையை எழுதியவர் நீங்கள், அவளை அறிந்தவர் நீங்கள், அவளுக்கு என்ன கொடுத்தால் எங்கள் அம்மாவை விட்டுப் போவாள், பூவா, சேலையா, சேவலா, நீங்கள் சொன்னால் இப்போதே வாங்கி வைத்துவிடுகிறோம்.

உயிரோடு இருக்கிறாள். மற்ற எதுவும் மண்டையில் ஏறவில்லை முதலில். உயிரோடு இருக்கிறாள், கெட்ட வார்த்தை பேசுகிறாள். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன், யாரோ பெரியவரே தண்ணி வேணுமா என்றார்கள். முப்பத்தைந்து வருஷத்துச் சாவு நெஞ்சிலிருந்து இறங்கியது, சும்மாடு அவிழ்ந்ததுபோல. அடுத்த நொடியே பிரம்பு ஞாபகம் வந்தது. கரண்டிச் சூட்டுக்குத் தப்பி ஓடியவளை, என் காகிதம் போய்ப் பிடித்து, கட்டி, பிரம்படிக்கு நிறுத்தியிருக்கிறது. மணி பன்னிரண்டரை. "மக்களே, கேளு" என்றேன். "ஆவி ஒண்ணும் இல்ல. உனக்க அம்மைதான் கனகபாய்." கனகபாய் செத்துப்போனவள்தானே சாரே, நீங்கள் எழுதிய நோட்டீஸ் என் கையில்தான் இருக்கிறது என்றாள். இதையே அந்த நாளில் போலீஸ் இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறான், முதலாளியின் வக்கீல் கோர்ட்டில் நிறுத்திக் கேட்டிருக்கிறான், கட்சியின் பெரிய தலைவர் தனியாக அழைத்து, நம்மளுக்குள்ள சொல்லு என்று கேட்டிருக்கிறார். ஒருவனிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "நான் எழுதினது பொய்" என்றேன். பஜ்ஜி வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். உண்மைச் சம்பவம் என்று படத்திலேயே போட்டிருக்கிறார்களே என்றாள் அவள், அழுகிற குரலில், என்னை மன்னிக்கச் சொல்வதுபோல. "அதுக்கும் கையெழுத்துப் போட்டது நானாக்கும். அதுவும் பொய்." நாக்கு நோகவில்லை. அடிபட்ட பல்லைப் பிடுங்கிப் போட்டால் வாய்க்கு எவ்வளவு இடம் வருகிறது, அப்படி இருந்தது. பாறசாலை ஆலமரத்தைச் சொன்னேன், உடுத்திருந்த முண்டு, மேல்துண்டு எல்லாம் சொன்னேன், முன்னே நிற்கிற பல்லைச் சொன்னேன். அம்மையின் முதுகில் இடது பக்கம் கரண்டி வடிவத்தில் ஒரு தழும்பு இருக்கிறதா பார் என்றேன். பார்க்கவேண்டாம் சாரே, எனக்குத் தெரியும் என்றாள் அவள், சின்ன வயசில் அடுப்பில் விழுந்தது என்று சொல்லியிருக்கிறாள். பிறகு போனை மூடாமலே யாரையோ கூப்பிட்டு மலையாளத்தில் சொன்னாள், வண்டி வேண்டாம், கயிற்றை எடுத்து உள்ளே போடு.

போன் கை மாறியது. மூச்சுச் சத்தம் கேட்டது, அப்புறம் அந்தக் குரல், கிழடு தட்டிய குரல், ஆனால் அதே ஏற்றம். "தோழரே, நீரு இன்னும் சாவல்லியா?" இல்லை என்றேன். நானும் இல்ல, எனக்க பிள்ளியளுக்குத்தான் அது பிடிக்கல்ல என்றாள். பேசினாள், ஐந்து நாள் தேக்கி வைத்ததைப் பேசினாள். மேல்கரைப் புருஷன் எப்போதோ போய்விட்டானாம், அதைப் பத்திரிகையில் பார்த்த அன்று வயிறு நிறையக் கஞ்சி குடித்தாளாம். இரண்டாவது கட்டிக்கொண்டவன் நல்லவன், அவனும் போன வருஷம் போனான். இனி யாருக்கு ஒளியவேண்டும், வீட்டுக்குள்ளாவது சொல்லிவிடலாம் என்று படம் முடிந்து ஆட்டோவில் வரும்போது சொன்னாளாம், அவ்வளவுதான், விபூதி. நான் இடையில் பேசப் பார்த்தேன், நான் எழுதுகிறேன் கனகம், நடந்ததை நடந்தபடி, என் பெயர் போட்டு ஒரு பிரசுரம், போகிற பெயர் போகட்டும் என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். "என்ன சொன்னீரு, ஒருக்கா கூடச் சொல்லும்" என்றாள் அவள். நடந்ததை நடந்தபடி என்று தொடங்கினேன். அதில்ல, எனக்க பேரு என்றாள். கனகம் என்றேன். ம் என்றாள். மறுபடியும் சொன்னேன், சனங்கள் பார்க்கப் பார்க்க, பாப்கார்ன் யந்திரம் படபடக்க, கனகம், கனகபாய், தோழர் கனகபாய். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சட்டென்று குரல் மாறி, பிரசுரம் எழுதும், எழுதாண்டாம், உமக்க விருப்பம், எனக்கு வீட்டுக்குள்ள இருந்தாப் போதும், ஊருக்கு நான் செத்தவதான் என்றாள். எழுதினாலும் எவன் நம்புவான், பீடத்துல எனக்குச் சேலை சாத்துதாளுவளாம்லா. படம் முழுக்கப் பாத்தீரா என்று கேட்டாள். பாதி, இப்போது இடைவேளை என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பல் முதலில் சிரிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. "போய் மிச்சத்தையும் பாரும். நான் ஆறு பேரெக் கொல்லுதேன். ஆறாவது ஆளு சங்கத் தலைவனாக்கும், முதலாளிகிட்டக் கைநீட்டிக் காசு வாங்கி என்னெக் காட்டிக்குடுத்தவனாம். அது நீராக்கும்."

மணி அடித்தது. உள்ளே வந்து உட்கார்ந்தேன். காட்டிக்கொடுத்தவனா, நானா, முதலாளியிடம் ஒரு சாயா குடித்ததில்லை நான், இதற்கு மானநஷ்ட வழக்கு போடவேண்டும், போட்டால் கோர்ட்டுப் படியேறி உண்மை எது என்று சொல்லவேண்டும், சொன்னால் என்ன, இப்போதுதான் சொல்லிவிட்டு வந்தேனே, எளிதாகத்தான் இருந்தது. பிரசுரத்தின் முதல் வரி தானாக ஓடியது, பொதுமக்களே, நான் ஒரு பொய் சொன்னேன். நல்ல வரி. தேதியும் ஊரும் போடவேண்டும். யாரும் நம்பமாட்டார்கள், பரவாயில்லை, என் வேலை எழுதுவது. நானூறு பெண்களுக்குக் கக்கூஸ் வந்த கதையும் அதிலேயே வரும், கடலை மடிக்கட்டும். அவளுக்காகவா எனக்காகவா என்று அது மறுபடி தொடங்கப் பார்த்தது, தொடங்கட்டும் என்று விட்டேன், அவள் இந்நேரம் புனலூரில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள், மூன்று மணிக்கு எந்த வண்டியும் வராது. திரையில் ஒருவன் மரத்தில் தொங்கினான், ஒருவன் வறுக்கிற சட்டியில் விழுந்தான், முதலாளிக்கு வாயில் ரத்தம் வந்தது. எண்ணிக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரி வறுத்த கடலை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன், ஒரு வாரத்துக்குப் பிறகு பசித்தது. கடைசியில் அவன் வந்தான். எனக்கு ஒருநாளும் இல்லாத தாடி, ஜிப்பா, கையில் ஒரு கட்டு நோட்டீஸ், கள்ள முழி. ஆற்றங்கரையில் அவன் மண்டியிட்டுக் கெஞ்சினான், நன்றாகவே கெஞ்சினான், தண்ணீரிலிருந்து வெள்ளைவெளேரென்ற ஒரு கை வந்து கழுத்தைப் பிடித்தது. கொட்டகை எழுந்து நின்றது, குலவை, கைதட்டல், விசில், முன்வரிசையில் தேங்காய் உடைந்தது. அவன் குமிழி விட்டு முங்கிப்போனான், நோட்டீஸெல்லாம் தண்ணீரில் மிதந்து போனது. பாவி, சாவட்டு என்றாள் பக்கத்து இருக்கைக்காரி என் தோளைத் தட்டி. நானும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் பிந்திப்போச்சு" என்றேன் அவளிடம்.